என் மருமகள் போட்ட சிவப்புக் கொடி

என் மருமகள் பெலிண்டாவுக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால், போன வருஷம்வரை "காலேஜ் டீச்சர்" என்று சொல்லி முடித்துவிடுவேன். அதற்குமேல் ஒரு வார்த்தை சொன்னாலும் வம்பு. ஒன்று, ஜாதகம் பார்ப்பாளா என்பார்கள். இல்லையென்றால், ராக்கெட் விடுகிறாளா என்பார்கள். மீன் கடையில் நின்றுகொண்டு பிரபஞ்சத்தை விளக்க முடியுமா? மீன் நாறிப்போகும்.

இப்போது அப்படி இல்லை. கேட்டவர்களுக்கும் சொல்கிறேன், கேட்காதவர்களைப் பிடித்துவைத்தும் சொல்கிறேன். என் மகன் ஆசீர், "அம்மா, பாவம், அவங்களுக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று என்னை இழுத்துக்கொண்டு போகவேண்டியிருக்கிறது.

நான் லூர்துராணி. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராகச் சேர்ந்து சூப்பர்வைசராக ஓய்வு பெற்றவள். "ஹலோ" என்ற ஒரு சொல்லை வைத்தே ஆளை எடைபோட்டுவிடுவேன் என்று எனக்கு ஒரு திமிர் உண்டு. அந்தத் திமிர் பலிக்காத இடம் ஒன்றே ஒன்றுதான். புள்ளம்பாடியில் தையல் கடை வைத்திருந்த அற்புதசாமியின் வீட்டுக்குப் பெண் பார்க்கப் போன அன்று, ஒல்லியாக ஒரு பெண் வந்து காபி கொடுத்தாள். குரல் எழும்பவே இல்லை. சரி, வாயில்லாப் பூச்சி என்று முடிவு கட்டினேன்.

"மேல படிக்கப் போறதா சொன்னாங்களே, எதுலம்மா ஆராய்ச்சி?" என்று கேட்டேன்.

"ஈர்ப்பு விசைங்க."

"மேலேருந்து போட்டா கீழே விழுமே, அதுவா?"

"அதேதாங்க. ஆனா விழறதுக்குக் கீழே தரையே இல்லாத இடத்துல."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். வீட்டுக்குத் திரும்பும்போது ஆசீரிடம், "பொண்ணு எனக்குச் சம்மதம், உனக்கு எப்படியோ" என்று சொன்னது நினைவிருக்கிறது.

கல்யாணமான பிறகுதான் அவள் டாக்டர் பட்டம் வாங்கினாள். பகலில் ஒரு பெண்கள் கல்லூரியில் பாடம், மாலையில் ஆராய்ச்சி. மேலப்புதூரில் எங்கள் வீட்டுச் சமையலறையில் கிழித்த காலண்டர் தாள்களின் பின்பக்கமெல்லாம் அவளுடைய கணக்குதான். சமையலில் அவளுக்கு ஒரு வியாதி உண்டு. உப்புப் போட்டோமா இல்லையா என்று சந்தேகம் வரும். வந்தால், ருசி பார்க்க மாட்டாள், இன்னொரு தடவை போட்டுவிடுவாள். "உன் கேலக்ஸியிலயாவது ஒரு தடவை போடு" என்று நான் சொல்லிக்காட்டாத நாள் குறைவு. அந்தக் கேலி ஒருநாள் பலிக்கும் என்று நான் கண்டேனா?

அவளுடைய வேலை என்னவென்று எனக்குப் புரியவைத்தது எங்கள் கூடத்து டிவிதான். மடிக்கணினியை அதில் மாட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை காட்டினாள். ஒரு பெரிய பெட்டி. அதற்குள் கோடிக்கணக்கில் புள்ளிகள். தொடக்கத்தில் எல்லாம் ஏறக்குறைய ஒரே சீராகப் பரவியிருந்தன.

"இந்த 'ஏறக்குறைய'லதான் அத்தை எல்லாமே இருக்கு. எங்க ஒரு சிட்டிகை அதிகமோ, அங்க ஈர்ப்பும் ஒரு சிட்டிகை அதிகம். அது பக்கத்துல இருக்கறதை இழுக்கும். இழுக்க இழுக்க இன்னும் கனமாகும். கனமாக ஆக இன்னும் இழுக்கும்."

"பணம் பணத்தோட சேரும்னு சொல்றதுதானே?"

"அதேதான். இல்லாத இடம் இன்னும் காலியாயிடும்."

பார்த்துக்கொண்டிருக்கும்போதே புள்ளிகள் திரள ஆரம்பித்தன. இழை இழையாக ஓடி, இழைகள் சந்திக்கும் இடத்தில் முடிச்சுப் போட்டு, நடுவில் பெரிய பெரிய வெற்றிடங்களை விட்டு, கடைசியில் வாளியில் நுரைத்த சோப்புத் தண்ணீரைப் போல் வந்து நின்றது. ஒவ்வொரு பொட்டும் ஒரு விண்மீன் மண்டலம் என்றாள். நம் சூரியனைப் போல ஆயிரக்கணக்கான கோடி சூரியன்கள் ஒரு பொட்டுக்குள். அன்றைக்கு மத்தியானம் நான் சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை.

அவள் அளப்பது அந்த ஈர்ப்பின் பலத்தை. எப்படி அளப்பது? தூரத்தில் இருக்கும் மண்டலம் எவ்வளவு தொலைவு என்று அதன் ஒளியை வைத்துத்தான் சொல்ல முடியுமாம். அந்த மண்டலம் நகர்ந்துகொண்டிருந்தால் அந்தத் தொலைவில் பிசகு வரும். ஒரு பெரிய கூட்டத்தை நோக்கி நாலாபக்கமிருந்தும் மண்டலங்கள் விழுந்துகொண்டிருக்கும்போது, நம் பக்கம் இருப்பவை கொஞ்சம் தள்ளித் தெரியும். அந்தப் பக்கம் இருப்பவை கொஞ்சம் கிட்டத் தெரியும். உருண்டையாக இருக்கவேண்டிய கூட்டம் அடை மாதிரித் தட்டையாகிவிடும். எவ்வளவு தட்டை என்று பார்த்தால், எவ்வளவு வேகமாக விழுகின்றன என்று தெரியும். வேகம் தெரிந்தால் ஈர்ப்பின் பலம் தெரியும். ஈர்ப்பு இவ்வளவு என்று தானே வைத்து, பழகிப் பார்க்கக் கணினிக்குள் ஒரு பழக்கப் பிரபஞ்சத்தைச் செய்து, அதில் தட்டையை அளந்து வைத்துக்கொண்டு, வானத்தோடு ஒப்பிடுவாள். இதுதான் பெலிண்டாவின் தொழில். இதைச் சொல்ல எனக்கு எத்தனை வருஷம் ஆகியிருக்கிறது பாருங்கள்.

கல்லூரியில் பழைய விடைத்தாள்களை அடுக்கி வைக்கும் ஓர் அறையைக் கேட்டு வாங்கினாள். கணினியில் விளையாடுகிற பிள்ளைகள் கழித்துப்போட்ட பழைய கணினிகளை வாங்கி அதில் மாட்டினாள். பெரிய கணக்குகளை ஓட்டுவதற்குத் துவாக்குடி பொறியியல் வளாகத்துக் கணினியில் இடம் கேட்டு, காலை பஸ் பிடித்துப் போய்வருவாள். அவளுடைய குழுவில் மொத்தம் மூன்று பேர். அவள்; ஸ்ரீரங்கத்திலிருந்து வரும் கணிதப் பேராசிரியர் அரவிந்தன்; எம்.எஸ்ஸி. மாணவி அஃப்ஷீன். கல்லூரி நிர்வாகம் ஒரு நிபந்தனை போட்டிருந்தது. வெளிநாடுகளெல்லாம் சேர்ந்து வானத்தை வரைபடம் எடுக்கும் ஒரு பெரிய கூட்டமைப்பில் இடம் கிடைத்தால் அறை அவர்களுக்கு. கிடைக்காவிட்டால் விடைத்தாள்கள் திரும்பி வந்துவிடும்.

அந்தக் கூட்டமைப்பில் சேர ஒரு தேர்வு. எனக்கு மிகவும் பிடித்துப்போன தேர்வு அது. நடத்துகிறவர்கள் தங்கள் கணினிக்குள் ஒரு பிரபஞ்சத்தைச் செய்வார்கள். அதில் ஈர்ப்பின் பலம் எவ்வளவு என்பது அவர்களில் ஓரிருவருக்குத்தான் தெரியும். விடையை உறைக்குள் போட்டு மூடிவிடுவார்கள். மண்டலங்கள் எங்கெங்கே தெரிகின்றன என்பதை மட்டும் எல்லாக் குழுவுக்கும் கொடுப்பார்கள். நீ அளந்து பலத்தைச் சொல்லவேண்டும். சரியாகச் சொன்ன குழுக்களுக்கு நிஜ வானத்தின் கணக்கு கைக்கு வரும்.

விடையைச் சொல்வதிலும் ஒரு வழக்கம். சொன்ன விடையைப் 'பூட்டிவிடுவார்கள்'. பிறகு மாற்றக்கூடாது. உன் கணக்கில் நீயே தவறு கண்டுபிடித்தால் மட்டும், உறை பிரிக்கும் முன்பு, இன்ன தவறு செய்தேன் என்று எல்லோரும் படிக்கும்படி எழுதிவிட்டு மாற்றலாம். மாற்றினால் பட்டியலில் உன் பெயருக்கு எதிரே சிவப்புக் கொடி போடுவார்கள்.

"இவ்வளவு கெடுபிடி எதுக்கு?" என்று கேட்டேன்.

"விடை நமக்குப் பிடிச்ச மாதிரி வந்துட்டா தப்பைத் தேடறதை நிறுத்திடுவோம் அத்தை. பிடிக்காத மாதிரி வந்தா பிடிக்கிற வரைக்கும் தேடுவோம். அதான் கண்ணைக் கட்டிவிடறாங்க."

பூமியிலுள்ள எல்லா மாமியார் மருமகள் பஞ்சாயத்துக்கும் இந்த வழக்கத்தைக் கொண்டுவரலாம் என்று தோன்றியது.

பெலிண்டாவின் விடை பூட்டப்பட்டது. பாடப்புத்தகத்தில் ஈர்ப்பின் பலத்தை நூறு என்று வைத்துக்கொண்டால், அவளுக்கு வந்தது நூற்றொன்று. புத்தகத்தோடு ஒட்டி உரசிக்கொண்டு நின்றது. கேட்ட எல்லோருக்கும் குஷி. அரவிந்தன் வீட்டிலிருந்து அக்காரவடிசல் வந்தது. கல்லூரி முதல்வர் அந்த ஆராய்ச்சி அறையின் கதவுக்குப் பெயர்ப்பலகை அடிக்கச் சொல்லிவிட்டார் என்று கேள்வி. உறை பிரிக்க இன்னும் ஒரு வாரமோ என்னவோ இருந்தது.

அந்தச் சனிக்கிழமைதான் மண்ணச்சநல்லூருக்குப் போனோம். திருவெள்ளறைப் பக்கம் எனக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. பொன்னுத்தாய் என்ற அம்மாள் குத்தகைக்குப் பார்க்கிறாள். அவள் அளக்கும் நெல்லை நேராக மண்ணச்சநல்லூர் வீரமலையின் அரிசி ஆலைக்கு அனுப்பிவிடுவாள். நாங்கள் போய் நெல்லுக்கு ஈடாக அரிசி வாங்கி வருவோம். பெலிண்டாதான் கார் ஓட்டினாள்.

வீரமலை ஈரமானியை நெல்லுக்குள் குத்திப் பார்த்தார். மூட்டைக்கு இவ்வளவு என்று ஈரத்துக்குக் கழித்து, எங்களுக்கு வரவேண்டிய அரிசியைச் சொன்னார். எனக்குக் குறைவாகப் பட்டது. உடனே பொன்னுத்தாய்க்குப் போன் போட்டேன்.

"களத்துலயே ஈரத்துக்குக் கழிச்சுட்டுத்தாம்மா எடை எழுதுனேன். கழிச்ச எடைதான் அது," என்றாள் அவள்.

எனக்கு ஏறிவிட்டது. "ஏங்க வீரமலை, கழிச்சதையே மறுபடி கழிப்பீங்களா? எங்க நெல்லு என்ன ஆத்துல குளிச்சிட்டா வந்துச்சு?"

வீரமலை பதறவில்லை. "அம்மா, கோவப்படாதீங்க. கழிச்ச எடைன்னு யாரும் என்கிட்ட சொல்லலையே. நெல்லு வந்தா நான் கழிப்பேன், அது என் பழக்கம். அந்தம்மா கழிச்சது அந்தம்மா பழக்கம். ரெண்டு பேரும் சரியாத்தான் செஞ்சிருக்கோம். ரெண்டு பேரும் செஞ்சதுதான் தப்பு."

நான் பதிலுக்கு இன்னொன்று சொல்ல வாயெடுத்தேன். பக்கத்தில் பெலிண்டா மூட்டையின்மேல் கையை வைத்தபடி நின்றாள். முகத்தில் ரத்தமே இல்லை. வெயிலில் மயக்கமோ என்று பயந்து அவள் தோளைப் பிடித்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. போனை எடுத்து அஃப்ஷீனைக் கூப்பிட்டாள்.

"அஃப்ஷீன், நம்ம பழக்கப் பிரபஞ்சத்து ஃபைலை மாத்திக் கொடுத்தியே, அப்ப வேகத்துக்கு உண்டான கழிவை நீயே போட்டுட்டியா?"

"ஆமா மேம். அன்னிக்கே சொன்னேனே. ஃபைல்ல முதல் வரியிலயும் எழுதியிருக்கேன். ஏன் மேம், தப்பா?"

"இல்லம்மா. நீ சரியாத்தான் செஞ்சிருக்க," என்று சொல்லிப் போனை வைத்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "அத்தை, உப்பை ரெண்டு தடவை போட்டுட்டேன்."

விஷயம் இவ்வளவுதான். அவர்களுடைய கணினி நிரல் மண்டலங்களின் வேகத்தைத் தன் வசதிக்கு ஏற்ற ஒரு கணக்கில் எழுதிவைக்கும். பிரபஞ்சம் அந்தக் காலத்தில் எவ்வளவு பெரிதாக இருந்ததோ அதற்குத் தக்கபடி ஒரு கழிவு போட்டால்தான் நிஜ வேகம் வரும். இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் கை தானாகச் செய்கிற காரியம். அஃப்ஷீன் ஒரு தடவை கழித்திருந்தாள். பெலிண்டா, பழக்க தோஷத்தில், இன்னொரு தடவை கழித்திருந்தாள். அதனால் அவளுடைய பழக்கப் பிரபஞ்சத்தில் எல்லாம் நிஜத்தைவிட மெதுவாக விழுந்திருந்தன. அந்தத் தப்பான அளவுகோலை வைத்துத்தான் தேர்வுப் பிரபஞ்சத்தை அளந்திருந்தாள்.

கொடுக்கவேண்டிய அரிசியை வீரமலை சரியாகவே கொடுத்தார். மூட்டைகளை ஏற்றிக்கொண்டு, நம்பர் ஒன் டோல்கேட் தாண்டி, கொள்ளிடம் பாலம் ஏறி, நேராக ஸ்ரீரங்கம் போனோம். பாரத்தில் கார் பின்பக்கம் உட்கார்ந்து போனது. அரவிந்தன் உத்திர வீதியில் இருக்கிறார். கோயிலிலிருந்து அப்போதுதான் வந்து, நெற்றியில் திருமண் காயாமல், மனைவி கொடுத்த காபியோடு உட்கார்ந்திருந்தார். எனக்கும் ஒரு டம்ளர் வந்தது. பெலிண்டாவுக்கு வந்தது அப்படியே ஆறிப்போனது.

இரண்டு பேரும் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டார்கள். பிரபஞ்சத்தை மறுபடி செய்யவேண்டியதில்லையாம். வேகத்தைத் திருத்தித் தட்டையை மறுபடி அளந்தால் போதும். அது முடிவதற்குள் வீதி விளக்குகள் எரிய ஆரம்பித்துவிட்டன. நூற்றொன்று இறங்கி தொண்ணூற்று நான்கில் வந்து நின்றது. புத்தகத்தைவிட்டு வெகுதூரம் விலகிவிட்டது.

அரவிந்தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பெலிண்டா, நான் ஒண்ணு சொல்றேன், கேளுங்கோ. பூட்டினது பூட்டினதாவே இருக்கட்டும். புஸ்தகத்தோட ஒத்துப்போறது. தேர்வு வைக்கறவா புஸ்தகத்துல இருக்கறதைத்தானே போட்டிருப்பா? இப்போ மாத்தினா, சிவப்புக் கொடியும் வாங்கிண்டு, தேர்வுலயும் தோத்துட்டு நிப்போம். நம்ம தலையில நாமளே மண்ணை வாரிப் போட்டுக்கணுமா?"

உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் அவர் சொல்வது நியாயமாகத்தான் பட்டது. அந்த அறை, அந்தப் பெயர்ப்பலகை, அந்தக் காலை பஸ்கள், எல்லாம் என் கண்முன் வந்தன. பெலிண்டா குரல் எழும்பாமல்தான் சொன்னாள்.

"சார், இது தேர்வு. இதுக்கு விடை ஒரு உறைக்குள்ள இருக்கு. பாஸ் பண்ணினா நிஜ வானத்தைக் கையில குடுப்பாங்க. அதுக்கு விடை எந்த உறைக்குள்ள சார் இருக்கு? அங்க நம்மகிட்ட இருக்கப்போறது நாம அளந்த விதம் ஒண்ணுதான். அதுல ஓட்டைன்னு தெரிஞ்சுக்கிட்டே உள்ள போகணுமா?"

அரவிந்தன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுந்து போய் வாசலைப் பார்த்துவிட்டு வந்தார். அந்த மனிதருக்கும் இது சுலபமில்லை. அவர் பெயரும் அந்த விடையில் இருக்கிறது.

"அனுப்புங்கோ," என்றார். "ஆனா 'நாங்கள்'னு எழுதுங்கோ. தப்புப் பண்ணினது நீங்க. சரிபார்க்காம விட்டது நான்."

அங்கேயே உட்கார்ந்து எழுதி அனுப்பினார்கள். காவிரிப் பாலம் தாண்டியதும் அடக்க முடியவில்லை. "ஒரு ராத்திரி பொறுத்திருந்தா என்ன? ஆசீரைக் கேட்கவேணாமா? காலேஜுல ஒரு வார்த்தை சொல்லவேணாமா?" என்று பிடித்துக்கொண்டேன்.

"பொறுத்திருந்தா அனுப்பாம விட்டிருப்பேனோன்னு பயமா இருந்துச்சு அத்தை," என்றாள்.

அதற்குமேல் என்னத்தைத் திட்டுவது? அன்று இரவு அவள் வைத்த ரசத்தில் உப்பே இல்லை. மூன்று பேரும் அதை அப்படியே ஊற்றிச் சாப்பிட்டோம்.

மறுநாள் காலை ஆசீர், அவள் அனுப்பியதை எனக்குத் தமிழில் படித்துச் சொன்னான். முதலில் கணக்கு; எனக்கு விளங்கவில்லை. கடைசியில் நாலு வரி. "ஃபைலை மாற்றிக் கொடுத்த எங்கள் மாணவி சரியாகவே செய்து, அதைக் குறித்தும் வைத்திருந்தார். குழுத்தலைவியான நான் அதைக் கவனிக்காமல் மறுபடி திருத்தினேன். என் சகா அதைச் சரிபார்க்கவில்லை. தவறு எங்கள் இருவருடையது."

அந்த நாலு வரியை இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன். எக்ஸ்சேஞ்சில் ஒரு ட்ரங்க் கால் தப்பான ஊருக்குப் போய்விட்டால், மேலே இருப்பவர்கள் முதலில் தேடுவது புதிதாகச் சேர்ந்த பெண்ணைத்தான். போர்டில் அன்றைக்கு யார் உட்கார்ந்திருந்தாலும் சரி, பழி அந்தப் பெண்மேல் போய் விழும். பின்பக்கப் படிக்கட்டில் உட்கார்ந்து அழுத பெண்களுக்கு நான் எத்தனை தடவை கைக்குட்டை கொடுத்திருக்கிறேன்! அத்தனை வருஷத்தில் ஒரு அதிகாரி வந்து, "அந்தப் பொண்ணு சரியாத்தான் செஞ்சா, தப்பு என்னுது" என்று சொல்லி நான் கேட்டதில்லை. என் வீட்டுச் சமையலறையில் காலண்டர் தாளில் கிறுக்குகிற பெண் அதைச் சொல்லியிருக்கிறாள், அதுவும் உலகமே படிக்கும்படி. எனக்கு அழுகை வந்தது. ஆசீர், "இப்ப ஏம்மா அழறீங்க, நேத்து திட்டினீங்களாமே?" என்றான். போடா என்றேன். அந்தக் கணத்தில் எனக்கு வந்த பெருமையை வைக்க நெஞ்சில் இடம் போதவில்லை. உறை பிரிப்பதற்கு முன்பே வந்த பெருமை அது. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் அப்புறம் நடந்ததைக் கேட்டுவிட்டு ஜெயித்ததால்தான் மாமியார் குதிக்கிறாள் என்று நினைப்பீர்கள்.

கல்லூரியில் பெயர்ப்பலகை நின்றுபோனது. யாரும் கோபமாக ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் இன்னும் கஷ்டம். விடைத்தாள் கட்டுகள் அந்த அறையின் வராந்தாவுக்கு வந்து காத்திருந்தன என்று அஃப்ஷீன் சொன்னாள். அந்தப் பிள்ளையை அவள் பெற்றோர், மேற்கொண்டு ஆராய்ச்சி எதற்கு, வேலைக்குப் போ என்று சொல்லிக்கொண்டிருந்தார்களாம். நிஜ வானம் கைக்கு வந்தால் இருப்பாள், இல்லாவிட்டால் போய்விடுவாள். பெலிண்டா அந்த வாரம் முழுக்க இயல்பாகத்தான் இருந்தாள். பாடம் எடுத்தாள், துவாக்குடி போனாள். ராத்திரி மட்டும் போர்வைக்குள் விழித்துக்கொண்டிருக்கிறாள் என்று ஆசீர் என்னிடம் சொன்னான்.

உறை பிரித்தது ஒரு மாலை, வீடியோ கூட்டத்தில். கல்லூரிக் கருத்தரங்கக் கூடத்துத் திரையில் காட்டினார்கள். நான் நல்ல காட்டன் புடவை கட்டிக்கொண்டு முதல் வரிசையில் போய் உட்கார்ந்தேன். என்னை யாரும் கூப்பிடவில்லை. திரையில் கட்டம் கட்டமாக முகங்கள், எந்தெந்த நாடோ. நடத்துகிற அம்மாள் நரைத்த முடியோடு, குளிர் தாங்கும் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். குழுக்களின் பட்டியலைக் காட்டினார்கள். நீளமான பட்டியல். அதில் ஒரே ஒரு பெயருக்கு எதிரில்தான் சிவப்புக் கொடி. திருச்சிராப்பள்ளி. எனக்குப் பின்னால் இரண்டு மூன்று மாணவிகள் கிசுகிசுத்தார்கள். திரும்பி ஒரு பார்வை பார்த்தேன், அடங்கிவிட்டார்கள்.

அந்த அம்மாள் ஏதோ சொன்னார். அரவிந்தன் நாற்காலியிலிருந்து பாதி எழுந்து அப்படியே நின்றார். அஃப்ஷீன் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆசீரின் கையைப் பிடித்து உலுக்கினேன்.

"தொண்ணூத்து மூணும்மா. விடை தொண்ணூத்து மூணு. புஸ்தகத்துல இருக்கறதை வேணும்னே போடலையாம். புஸ்தகத்தைப் பாத்துட்டுத் திருப்திப்பட்டுக்கறவங்க யாருன்னு தெரிஞ்சுக்க, ஈர்ப்பைக் கொஞ்சம் குறைச்சு வச்சாங்களாம்."

ஒன்றிரண்டு கூடக்குறைய இருந்தால் பரவாயில்லையாம்; அப்படியும் தேர்வானது சில குழுக்கள்தான். அவற்றில் எங்கள் திருச்சி ஒன்று. பூட்டிய நூற்றொன்றோடு வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால், தேறாத பட்டியலில் புத்தகத்தைக் கட்டிக்கொண்டு நின்றவர்களோடு நாங்களும் நின்றிருப்போம். நான் எழுந்து நின்று கைதட்டினேன். கூட்டத்தில் முதல் கைதட்டு என்னுடையதுதான். இதற்கும் சாட்சி இருக்கிறது.

பிறகு நடந்ததுதான் முக்கியம். அந்த நரைமுடி அம்மாள் பெலிண்டாவிடம் நேராகப் பேசினார். ஆசீர் என் காதில் சொல்லிக்கொண்டே வந்தான். இனி இந்தப் பட்டியல் எல்லா இடத்துக்கும் போகும். நீங்கள்தான் தேறிவிட்டீர்களே, அந்தச் சிவப்புக் கொடியை எடுத்துவிடச் சொல்லட்டுமா என்று கேட்டாராம்.

பெலிண்டா ஒலிவாங்கியைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். அவள் பேசிய இங்கிலீஷ் எனக்கே புரிந்தது. வேண்டாம், அது இருக்கட்டும், நடந்தது அதுதானே என்றாள்.

நிஜ வானம் அடுத்த மாதம் வந்தது. அது எப்படி வரும் என்று ஆசையாகக் கேட்டேன். ஃபைலாகத்தான் வரும் என்று சொல்லி என் கற்பனையில் மண்ணைப் போட்டார்கள். அறைக்குப் பெயர்ப்பலகை ஏறியது. அஃப்ஷீன் ஆராய்ச்சிக்குச் சேர்ந்துவிட்டாள். வேகத்துக்குக் கழிவு போடுவது இனிமேல் அவள் பொறுப்பு மட்டும். அவள் போட்டபின் பெலிண்டா அந்தப் பக்கமே கையை நீட்டக்கூடாது என்று அறைக்கதவில் எழுதியே ஒட்டியிருக்கிறார்கள். எங்கள் சமையலறைக்கும் அப்படி ஒன்று கேட்டிருக்கிறேன்.

அந்தப் பட்டியலைப் பெரிதாக அச்சடித்துக் கண்ணாடி போட்டு, கூடத்தில், மாதா படத்துக்குக் கொஞ்சம் கீழே மாட்டியிருக்கிறேன். தோற்றிருந்தாலும் மாட்டியிருப்பீர்களா என்று ஆசீர் கேட்டான். மாட்டியிருப்பேன். ஒரு வாரம் கழித்து மாட்டியிருப்பேன்.

போன வாரம் வஹீதா வந்திருந்தாள். எக்ஸ்சேஞ்சில் எனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவள். பின்பக்கப் படிக்கட்டு அழுகையில் பாதி அவளுடையது. அவள் பட்டியலைக் கிட்டப் போய்ப் பார்த்தாள்.

"இத்தனை பேர்ல உன் மருமக பேருக்கு மட்டும் என்னடி சிவப்பு?"

"தப்புப் பண்ணினா, அதைத் தானே போய்ச் சொன்னா, அதுக்குப் போட்டது. எடுத்துடறோம்னாங்க. வேணாம்னுட்டா."

வஹீதா கண்ணாடிமேல் விரலை வைத்து அந்தக் கொடியைத் தொட்டாள். உள்ளே பெலிண்டா நிஜ வானத்தை விரித்து வைத்துக்கொண்டு எதையோ அளந்துகொண்டிருந்தாள்.

"அப்ப இவ சொல்ற கணக்கை நம்பலாம்," என்றாள் வஹீதா.